பந்தோடு வந்த மேய்ப்பன்



விசுவாசிகளின் பிள்ளைகள் பந்து விளையாடலாமா? நகரங்களில் குடியேறிய நம் சபைக் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. ஊரில் இருந்த நாட்களில் இதற்கு இடமே இல்லை. விளையாட்டு உலகத்துக்குரியது என்று மூப்பர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். இப்போது மும்பையிலும் பெங்களூருவிலும் டெல்லியிலும் பள்ளிக்கூடமே பிள்ளையைத் தெரிந்தெடுத்து மைதானத்துக்கு அனுப்புகிறது. பயிற்சியோ ஞாயிறு காலையில். தகப்பனார் ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில் மகன் காலுறை மாட்டிக்கொண்டு நிற்கிறான். சரீரப் பயிற்சியினால் வரும் பயன் சிறிது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைச் சுட்டிக்காட்டுகிறோம். அதே பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது பந்தயச் சாலையில் ஓடுகிறவர்களை உவமையாக எடுத்தாரே என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் இல்லை.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இந்த மாதம் ஒரு தேவ ஊழியரின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் நம்முடைய பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆங்கிலிக்கன் சபையின் பேராயர். ஞானஸ்நானம், அபிஷேகம் ஆகியவற்றைக் குறித்து அவருடைய சபையின் போதனையும் நம்முடைய போதனையும் வேறு. ஆகிலும் ஒரு தீவு முழுவதும் கர்த்தரிடம் திரும்பியதற்குக் கருவியாக நின்ற மனிதனைச் சபைப் பெயரைப் பார்த்து ஒதுக்கிவைப்பது நியாயமல்ல.

அவரிடம் போகுமுன் அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு செய்தி. அந்நாட்டுக் கல்லூரிகளில் 1869ஆம் ஆண்டு முதல் ஒருவகைக் கால்பந்து ஆடப்பட்டு வருகிறது. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். 1880களில் ஏல் பல்கலைக்கழகத்தில் இதை ஆடியவர்களில் அமோஸ் அலான்சோ ஸ்டாக் என்ற வாலிபர் ஒருவர். அவர் அங்கே வந்தது ஊழியத்துக்கு ஆயத்தப்படவே. 1889இல் அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்திலுமிருந்து சிறந்தவர்களாகத் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் அணியில் அவர் பெயரும் இருந்தது. ஆனால் பிரசங்கிக்கும் வரம் தமக்கு இல்லை என்று கண்டு, பிரசங்க பீடத்தை விட்டு விளையாட்டுப் பயிற்சியாளரானார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்து, 1965இல் 102ஆம் வயதில் மரித்தார். வாலிபர்களின் நடத்தையைச் சீர்ப்படுத்துவதே தமது ஊழியம் என்று எண்ணினார். அவர் பயிற்சி பெற்ற ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பள்ளியிலிருந்து வந்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனம் வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் அதைப் பார்த்திருப்பீர்கள்.

ஸ்டாக் பந்துக்காகப் பிரசங்க பீடத்தை விட்டார். நாம் பார்க்கப்போகிறவரோ பந்தையும் வேதத்தையும் சேர்த்தே தம் ஜனத்தாரிடம் கொண்டுசென்றார்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரம் போர்ட் பிளேயர் என்பதை அறிவீர்கள். 2024ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் கடலில் சென்றால் கார் நிக்கோபார். ஏறக்குறைய 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான தீவு, கரையெங்கும் தென்னை. நிக்கோபார் தீவுகளுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் சுவிசேஷத் தொடர்பு பழையது. 1756இல் டென்மார்க்குக்காரர்கள் இத்தீவுகளுக்கு உரிமை கொண்டாடியபோது அவற்றின் நிர்வாகம் தரங்கம்பாடியிலிருந்துதான் நடந்தது. 1768இல் மொராவியன் மிஷனெரிமார் தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்டு நான்கவ்ரி தீவில் இறங்கினார்கள். மலைக்காய்ச்சல் அவர்களை ஒருவர்பின் ஒருவராக வாரிக்கொண்டது. சிலர் தீவிலே அடக்கம்பண்ணப்பட்டார்கள். சிலர் தரங்கம்பாடிக்குத் திரும்பியபின் மரித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்து, 1787இல் அந்த ஊழியம் மூடப்பட்டது.

அதற்குப்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, 1890களின் நடுவில், வேறொருவர் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் வந்து தங்கினார். அவர் வெள்ளைக்காரர் அல்லர். வேதப்பன் சாலொமோன் என்னும் தமிழர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற உபதேசியார். அரசாங்கத்துக்கு அவர் ஏஜெண்டு. வந்துபோகும் கப்பல்களைக் கவனிப்பார், மழையையும் காற்றையும் அளந்து குறிப்பார், தீவின் செய்திகளை நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புவார். சபைக்கு அவர் உபதேசியார், பிள்ளைகளுக்கு வாத்தியார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902ஆம் ஆண்டு லண்டனில் ஓர் ஆராய்ச்சி இதழில் அச்சாயின. நிக்கோபார் மக்களின் அந்நாளைய வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் இன்றும் அவற்றை எடுத்துப் பார்க்கிறார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்த தமிழர்கள் லட்சக்கணக்கானோர். யாருமில்லாத் தீவில் அந்நியருடைய பிள்ளைகளைத் தம் பிள்ளைகளைப்போல் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த இந்த மனிதரை நம்முடைய சபைகளில் எத்தனை பேர் அறிவோம்? தரங்கம்பாடியின் சீகன்பால்குவை அறிவோம், தோனாவூரின் ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அறிவோம். நம்மவரான சாலொமோனை அறியோம்.

அவர் கண்ட தீவு பயத்தின் பிடியில் இருந்தது. நோயும் மரணமும் பொல்லாத ஆவிகளால் வருகின்றன என்று ஜனங்கள் நம்பினார்கள். ஒருவனுக்குள் பொல்லாத ஆவி இருக்கிறது என்று ஊரார் முடிவுகட்டினால், ஊரே கூடி அவனைக் கொன்றுபோடும் வழக்கம் இருந்தது. ஆங்கிலேயர் அதற்குப் பிசாசுக் கொலை என்று பெயரிட்டு, தண்டித்து ஒழிக்கப் பார்த்தார்கள். இதைப் படித்துவிட்டு அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று எண்ணிவிட வேண்டாம். சூனியக்காரி என்று சொல்லி விதவைகளை அடித்துக் கொல்லுகிற செய்தி நம் தேசத்துச் செய்தித்தாள்களில் இன்றும் வருகிறது. மற்றபடி நிக்கோபாரியர் பகிர்ந்து உண்ணுகிறவர்கள். துஹெத் எனப்படும் பெரிய கூட்டுக் குடும்பமாக வாழ்ந்து, தென்னையையும் பன்றியையும் நிலத்தையும் பொதுவாய் அனுபவிப்பவர்கள். விருந்தினரைப் பசியோடு அனுப்பாதவர்கள்.

சாலொமோனின் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் ஒருவன் ஹா சேவ் கா. ஞானஸ்நானத்தில் ஜான் ரிச்சர்ட்சன் என்று பெயர் பெற்றவன் இவனே. தீவில் அதற்குமேல் படிப்பில்லை. அக்காலத்தில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஆங்கிலிக்கன் சபை ரங்கூன் பேராயத்தின் கீழ் இருந்தது. ஆகவே சில சிறுவர்கள் பர்மாவிலுள்ள மாந்தளை நகரத்து மிஷன் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ரிச்சர்ட்சனும் ஒருவன். ஒரு நிமிடம் எண்ணிப்பாருங்கள். படகையும் தென்னையையும் தவிர வேறறியாத பிள்ளை. கப்பலேறி ரங்கூன், அங்கிருந்து ரயிலேறி மாந்தளை. பாஷை வேறு, சாப்பாடு வேறு. பெற்றோர் முகம் காணாத ஆண்டுகள். கிராமத்திலிருந்து நகரத்து விடுதிக்கு அனுப்பப்பட்ட நம் பிள்ளைகளுக்கு இந்தத் தனிமை தெரியும்.

மிஷன் பள்ளியில் வேதபாடமும் கணக்கும் உண்டு, மாலையில் மைதானமும் உண்டு. ஆங்கிலேயர் நடத்திய பள்ளிகளில் விளையாட்டு கல்வியின் ஒரு பங்கு. ரிச்சர்ட்சன் அங்கே கால்பந்து கற்றான். ஏறக்குறைய 1912இல் வாலிபனாய்த் தீவுக்குத் திரும்பினான். சாலொமோன் 1909ஆம் ஆண்டிலேயே மரித்துப்போயிருந்தார். தாம் எழுத்தறிவித்த பிள்ளை என்னவானான் என்று காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

திரும்பி வந்த ரிச்சர்ட்சன் தம்முடைய ஜனத்தாருக்கு ஆசிரியரும் உபதேசியாருமானார். கால்பந்தைத் தீவுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால் நிக்கோபாரியர் இவரைத்தான் சொல்லுகிறார்கள். இதில் ஒரு ஞானம் இருந்தது என்று நான் எண்ணுகிறேன். ஆவிகளுக்குப் பயந்து வாழும் ஜனத்தாருக்கு வெளியூர்ப் படிப்பு படித்து வந்தவனும் ஒரு சந்தேகப் பொருள்தான். அவன் சொல்லும் புதிய தேவனைப் பற்றி உடனே யார் காதுகொடுப்பார்? ஆனால் ஒரு பந்தை நடுவில் வைத்துவிட்டால் வாலிபர்கள் தாமாக வருவார்கள். ஏற்கெனவே அவர்கள் ஊருக்கு ஊர் படகுப் போட்டி நடத்துகிறவர்கள், மல்லுக்கட்டுகிறவர்கள். உடல் வலிமையும் உண்டு, ஊர்ப்பற்றும் உண்டு. பதினொருவர் ஒன்றாய் நின்று, நடுவர் ஊதினால் கோபத்தை அடக்கி நிற்கும் பழக்கம் மட்டும் புதியது. நேற்று ஒருவனையொருவன் ஆவி பிடித்தவன் என்று சந்தேகித்த ஊரார் இன்று ஒரே பந்தின் பின்னால் ஓடுகிறார்கள். வியர்த்துப்போய் உட்காரும் வேளையில் வாத்தியார் பேசுவதைக் கேட்கவும் செய்வார்கள்.

இதை மிகைப்படுத்த வேண்டாம். பந்தினால் யாரும் இரட்சிக்கப்படுகிறதில்லை. ரிச்சர்ட்சன் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்தும் தீவில் விசுவாசிகள் சிறுபான்மையாகவே இருந்தார்கள். 1930களில்தான் அவர் குருவாக அபிஷேகம்பண்ணப்பட்டார். தீவின் பாஷைக்கு எழுத்து இல்லாதிருந்ததால் ரோமன் எழுத்துகளைக் கொண்டு எழுதினார்கள். ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேய மிஷனெரி கார் நிக்கோபார் பாஷைக்கு அகராதி தொகுத்தார். வேதத்தை அந்தப் பாஷையில் கொடுக்கும் வேலையில் ரிச்சர்ட்சன் தம் வாழ்நாளைச் செலவிட்டார். முதலில் புதிய ஏற்பாடு, பின்பு முழு வேதாகமம். நிக்கோபாரியர் இன்று தங்கள் தாய்மொழியில் வேதம் வாசிக்கிறார்கள் என்றால் அதன் பின்னால் நிற்பவர் மூஸ் பள்ளியின் பழைய மாணவர்.

பின்பு 1942 வந்தது. மார்ச் 23ஆம் தேதி ஜப்பானியர் போர்ட் பிளேயரில் இறங்கினார்கள். அதைத் தொடர்ந்து கார் நிக்கோபாரும் அவர்கள் கையில் விழுந்தது. தீவின் ஜனங்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்து விமானத் தளம் அமைத்தார்கள். 1944இலும் 1945இலும் ஆங்கிலேயக் கப்பல்களும் விமானங்களும் தீவைத் தாக்கின. குண்டுகள் குறிதவறாமல் விழுவதைக் கண்ட ஜப்பானியர், தீவார்தான் எதிரிக்கு அடையாளம் காட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். 1945ஆம் ஆண்டின் நடுமாதங்களில் அந்தத் தீவில் நடந்ததை விவரமாக எழுத மனம் வரவில்லை. இங்கிலீஷ் அறிந்தவர்களும் சபையோடு தொடர்புள்ளவர்களும் பிடிக்கப்பட்டார்கள். வாதித்து, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளப்பண்ணி, கொன்றார்கள். ரிச்சர்ட்சனின் சொந்த வீடும் தப்பவில்லை. மகனைக் கொலைக்குக் கொடுத்தார். அவரும் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய முறை நெருங்கியிருந்த வேளையில், ஆகஸ்டு 15ஆம் தேதி ஜப்பான் சரணடைந்த செய்தி வந்தது. கார் நிக்கோபார்க் கொலைகள் 1946இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, குற்றவாளிகள் தண்டனை பெற்றார்கள்.

அந்த ஆகஸ்டு மாதத்தில் ரிச்சர்ட்சன் எதை நினைத்திருப்பார் என்று நாம் ஊகித்து எழுதுவது தகாது. ஆனால் அதன்பின் நடந்தது அனைவரும் அறிந்த சரித்திரம். பாதுகாப்பான வேறு இடம் தேடி அவர் போகவில்லை. கொல்லப்பட்டவர்களின் வீடுகள் இருந்த அதே கிராமங்களுக்குள் போனார். போருக்குமுன் பாதிரியார் சொல்லைத் தள்ளி நின்று கேட்டவர்கள், தங்களுக்காகத் தன் பிள்ளையையும் இழந்து கூடவே நின்ற மனிதனைக் கண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முழுத் தீவும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டு விதைப்பு. அறுவடையோ இரத்தம் சிந்திய நிலத்தில். பெருங்கூட்டமாய் வரும் மனந்திரும்புதலை நம்மவர் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதுண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியே மறுபடியும் பிறக்க வேண்டும் என்பது நம் போதனை. அது சரியே. ஆனாலும் பிசாசுக் கொலை நடந்த ஊர்களில் அந்தப் பயம் நீங்கிற்று என்பதை யார் மறுக்கக்கூடும்?

1950இல் அவர் கல்கத்தாவின் உதவிப் பேராயராக அபிஷேகம்பண்ணப்பட்டார். 1952இல் சுதந்திர இந்தியாவின் முதல் மக்களவைக்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உறுப்பினராகக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டார். தென்னங்கீற்றுக் குடிசையில் பிறந்தவர் டெல்லியில் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தார். 1965இல் பத்மஸ்ரீ, 1975இல் பத்மபூஷண். 1966இல் அந்தமான் நிக்கோபார் பேராயம் தனியே அமைந்தபோது அதன் முதல் பேராயரும் அவரே. பட்டங்களை இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை. 1977இல் ஓய்வுபெற்று, 1978ஆம் ஆண்டு ஜூன் மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தீவின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கால்பந்து? அது தீவை விட்டுப் போகவே இல்லை. கார் நிக்கோபார் இளைஞருக்குக் கால்பந்து என்றால் உயிர். கிராமத்துக்குக் கிராமம் மைதானம் உண்டு. போர்ட் பிளேயரில் வாழும் நம் தமிழ்ச் சபையார் இதை நேரிலே அறிவார்கள்.

இனி நம்முடைய ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் எரிக் லிடெல்லின் சாட்சியை நம் ஞாயிறு பள்ளிகளில் சொல்லாத ஆசிரியர் இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்தார். பின்பு நானூறு மீட்டரில் தங்கம் பெற்றார். இதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் சீனாவில் மிஷனெரியாகப் போனதும், ஜப்பானியர் காவல் முகாமில் அடைக்கப்பட்டு 1945 பிப்ரவரியில் மரித்ததும் சிலருக்குத் தெரியும். அந்த முகாமில் அடைபட்ட பிள்ளைகள் ஞாயிறன்று ஆக்கி விளையாடிச் சண்டையிட்டுக்கொண்டபோது, அவரே நடுவராக நிற்க இசைந்தார் என்று உடனிருந்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். ராஜா வந்து பார்க்கும் மைதானத்தில் தமக்குப் புகழ் தேடி ஞாயிறன்று ஓடாதவர், பெற்றோரைப் பிரிந்து தவிக்கும் பிள்ளைகளுக்காக அதே நாளில் விசிலை எடுத்தார். இரண்டும் ஒரே இருதயத்திலிருந்து வந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே பெற்றோருக்கு என் எண்ணத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஆராதனையை விட்டுப் பயிற்சிக்குப் போவதற்கு நான் உடன்படமாட்டேன். அது பிள்ளையின் மனதில் எது முந்தியது என்பதை மாற்றிவிடும். ஆனால் ஆறு நாளும் பந்தைத் தொடாதே என்று அடைத்துவைப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. நகரத்தில் நம் பிள்ளைக்கு அயலான் யார்? மாடிக்குடியிருப்பில் எதிர் வீட்டுக்காரரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவன் சந்திக்கும் அயலார் அந்த மைதானத்தில்தான் இருக்கிறார்கள். மராத்திப் பையன், இஸ்லாமியப் பையன், பீகாரிலிருந்து வந்த காவலாளியின் மகன். அவர்கள் நடுவில் பொய்யாய் விழாதவனாக, நடுவரை ஏசாதவனாக, தோற்ற பிறகும் கைகொடுக்கிறவனாக ஒரு விசுவாசியின் மகன் இருப்பானானால், நாம் வாசலில் கொடுக்கும் கைப்பிரதியை விட அது அதிகமாய் வாசிக்கப்படும். பயிற்சியாளரிடம் தகப்பனார் ஒருமுறை நேரில் போய், ஞாயிறு காலை எங்களுக்கு ஆராதனை, மற்ற நாள் எந்நேரமும் அனுப்புகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிப் பார்க்கலாம். இசையாவிட்டால் வேறு பயிற்சி தேடலாம். மகனிடம் சொல்லி அனுப்பி, அவனை நடுவில் மாட்டிவிடுவது தகாது.

கார் நிக்கோபார் பழங்குடியினரின் பாதுகாக்கப்பட்ட பகுதியாகையால் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியார் அங்கே போக முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி அந்தத் தீவைக் கடுமையாக வாரிக்கொண்டது. கரையோரம் இருந்த கிராமங்கள் அழிந்தன. தப்பினவர்கள் தீவின் உள்பகுதிக்குப் போய் மறுபடியும் வீடுகட்டி வாழ்கிறார்கள். இந்த மாதம் குடும்ப ஜெபத்தில் அந்தக் கிராமங்களைப் பெயர் சொல்லி ஏறெடுப்போம்: மூஸ், கின்மாய், சிறிய லபாத்தி, பெரிய லபாத்தி, தபோய்மிங், சுக்சுச்சா, கின்யூக்கா, தமலூ, பெர்க்கா, மலாக்கா, காக்கானா, கிமியோஸ், அரோங், சவாய், டீடாப்.